குரூப் போட்டோவில் இல்லாதவர்கள்

முத்துப்பேட்டையில் வங்கி குமாஸ்தாவாக இருக்கும் நான் கும்பகோணம் அரசினர் கல்லூரியின் பழைய மாணவன். சில வருஷங்களாக அந்தக் கல்லூரி சம்பந்தப்பட்ட பழைய காகிதங்களைச் சேர்த்து வருகிறேன். குரூப் போட்டோ, ஆண்டு மலர், ஹாஸ்டல் ரசீது, பரிசுப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டிய சீட்டு. கேட்பவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கிறேன். இந்த ஊர் உப்புக் காற்றும் கரையானும் விட்டுவைத்தவற்றைப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது: மிஞ்சியவை பெரும்பாலும் தேறியவர்களின் காகிதங்கள்.

1854இல் பள்ளியாகத் தொடங்கி 1867இல் கல்லூரியான ஸ்தாபனம் அது. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்ற பட்டத்தைப் பழைய மாணவர்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பட்டத்துக்குச் சாட்சியாக நாம் முதலில் நிறுத்துவது ராமானுஜனை. 1904இல் உதவித்தொகையுடன் சேர்ந்தவர், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறி அதை இழந்து, பட்டமில்லாமல் வெளியேறினார். நான் பட்டம் வாங்கியதே அந்தப் பாடத்தில்தான். அவருடைய கடைசிக் காலக் கணக்குத் தாள்கள் அசல் கேம்பிரிட்ஜில், டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியில் இருந்தன. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் பார்க்கும்வரை அவை என்னவென்று உலகத்துக்குத் தெரியாது. பத்திரமாக இருப்பது வேறு, படிக்கப்படுவது வேறு.

இதை நன்றாக அறிந்தவர் இதே கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்த உ.வே. சாமிநாதையர். ஏடு வைத்திருந்த வீடுகளில் அது குலச்சொத்து. பிரித்துப் பார்ப்பவர் இல்லை. அவர் ஏடுகளைத் தேடிச் சேர்த்ததோடு நிற்கவில்லை. பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, அச்சில் ஏற்றினார். 1887இல் சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. எல்லாம் கும்பகோணத்து வாத்தியார் வேலைக்கு நடுவே செய்தவை.

பழைய மாணவர் கூட்டங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஒவ்வொருவரிடமும் ஒரு போட்டோ. கண்ணாடிச் சட்டத்தை விட்டு அது வெளியே வராது. பின்புறம் வருஷம் இல்லை, பெயர் இல்லை. ஓரத்தில் நிற்கும் பியூன் யார் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். இதற்குப் பெயர் சரித்திரமல்ல, சுய அபிமானம். இரண்டு போட்டோக்களைப் பக்கத்தில் வைத்து, முதல் வருஷம் இருந்து அடுத்த வருஷம் காணாமல் போன முகம் எது என்று கேட்கும்போதுதான் சரித்திரம் ஆரம்பமாகிறது. ஃபீஸ் கட்ட முடியாமல் போனவன், தவறியவன், ஊருக்குத் திரும்பி மண்டியில் கணக்கெழுதப் போனவன் எல்லோரும் அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறார்கள்.

கு.ப. ராஜகோபாலனும் தி. ஜானகிராமனும் எம்.வி. வெங்கட்ராமும் படித்த கல்லூரி இது. அவர்கள் நிற்கும் போட்டோ எனக்கு வேண்டாம். நூலகத்தில் என்ன புத்தகம் எடுத்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று சொல்லும் ஒரு பதிவேடு யாரிடமாவது இருந்தால், என்னிடமுள்ள அவ்வளவையும் அதற்கு ஈடாகத் தருவேன். பதிவேட்டுக்கும் பிரதி எடுத்துத்தான் கொடுப்பேன்.