இறந்தும் வேலை செய்யும் கலங்கள்

போரில் முள்ளந்தண்டு காயப்பட்டவர்களின் உறவுகள், "ஸ்டெம் செல் ஊசி ஏற்றினால் எழும்பி நடக்கலாமா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. அத்தகைய ஊசிகள் பலவற்றில் இருப்பவை மீசன்கைமல் ஸ்ட்ரோமல் கலங்கள். என்பு மச்சை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து இவை எடுக்கப்படுகின்றன.

நாளத்தினூடாக ஏற்றப்படும் இக்கலங்களில் பெரும்பகுதி நுரையீரலில் சிக்கி, சில நாட்களுக்குள் அழிந்துவிடுகிறது. அவை அங்கிருந்து போய்ப் புதிய நரம்பாக வளர்வதில்லை. ஆனாலும் அந்த அழிவிலேயே ஒரு பயன் உண்டு. 2017இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் அதை விளக்கினார்கள். நோயாளியின் வெண்குருதிக் கலங்கள் இவற்றைக் கொல்கின்றன. இறந்தவற்றை விழுங்கும் கலங்கள் ஐ.டி.ஓ என்ற நொதியத்தை உருவாக்கி, நிர்ப்பீடனத் தாக்குதலைத் தணிக்கின்றன. கொல்லும் திறன் கூடிய நோயாளிகளிடமே பலனும் தெரிந்தது.

என்பு மச்சை மாற்றத்தின் பின், தானமாகப் பெற்ற கலங்கள் நோயாளியின் உடலையே தாக்குவதுண்டு. ஸ்டீரொயிட் மருந்துக்கும் அடங்காத அந்த நோயுள்ள சிறுவர்களுக்கு இச்சிகிச்சையை வழங்க 2024 டிசெம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. முள்ளந்தண்டுக் காயத்துக்கு அல்ல.

ஆகவே காணியை ஈடு வைத்துக் காசு கட்ட முன்னர், அந்த ஊசி எந்த நோய்க்கு, எந்த நாட்டில் அனுமதி பெற்றது என்று எழுத்தில் கேளுங்கள்.