படம் எங்கே, படி எங்கே?

சென்ற மாதம் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்ட, ஒரு விக்கிப் பக்கத்தைப் பார்த்துச் செய்தேன். நான்காவது படிக்குரிய படம் ஆறாவது படியின் அருகே நின்றது. கையெல்லாம் கிரீஸ். படத்தை நம்பிச் செயினைத் தவறாக மாட்டி, எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. இது இணையம் கொண்டுவந்த சிக்கலா? இல்லை நண்பர்களே, நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய கதை!

1556-ல் பாசல் நகரில் அக்ரிகோலாவின் சுரங்கத் தொழில் நூல் வெளிவந்தது. (அவர் 1555-லேயே இறந்துவிட்டார்.) அதன் படங்கள் மரக்கட்டையில் செதுக்கியவை. மரக்கட்டையிலும் ஈய எழுத்திலும் மேடான பகுதியே மை ஏற்கும். அதனால் இரண்டையும் சேர்த்து ஒரே பக்கத்தில் அச்சிட முடிந்தது. படத்தில் பொறியின் உறுப்புகளுக்கு ஏ, பி, சி என்று குறியிட்டு, கூடவே பெயர்களையும் தந்தார்கள்.

அடுத்து வந்தது செப்புத் தகடு. படம் நுட்பமானது, ஆனால் பள்ளத்தில் நிற்கும் மையை எடுக்க வேறு அச்சுப்பொறி வேண்டும். விளைவு? தீதரோவின் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரைகள் 17 தொகுதிகள் (1751-1765), படங்கள் தனியாக 11 தொகுதிகள் (1762-1772). ஒரு தொழிலைப் புரிந்துகொள்ள இரண்டு பெரிய புத்தகங்களை விரித்து வைக்க வேண்டும்! 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமஸ் பியூவிக் கெட்டி மரத்தின் குறுக்குவெட்டில் நுணுக்கமாகச் செதுக்கிக் காட்டிய பிறகே, நுட்பமான படம் மீண்டும் எழுத்தின் பக்கத்துக்கு வந்தது.

இனி விக்கி. வார்ட் கன்னிங்காம் 1995-ல் முதல் விக்கியைத் தொடங்கினார். 2001-ல் விக்கிப்பீடியா வந்தது. அதன் மீடியாவிக்கி மென்பொருளில் சிறுபடம் வழக்கமாக வலப்பக்கம் ஒதுங்கும், எழுத்து இடப்பக்கம் ஓடும். யானை பற்றிய கட்டுரைக்கு இது போதும். படம் நாலு வரி தள்ளி நின்றாலும் யானை யானைதான்! செய்முறைக்கு அப்படியில்லை. படிகள் ஒவ்வொன்றும் ஒரே வரி, படங்களோ உயரம். ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசை கட்டி, தம் படியைவிட்டுக் கீழே இறங்கிவிடும். 2005-ல் தொடங்கிய விக்கிஹவ் ஒவ்வொரு படிக்கும் அதன் படத்தைச் சேர்த்தே வைக்கும் முறைக்கு வந்தது.

திரையின் அகலம் எழுதுபவர் கையில் இல்லை. ஆனால் "படி 4: செயினைப் பல்சக்கரத்தில் ஏற்றுதல்" என்று படத்தின் கீழ் ஒரு வரி எழுதலாமே! அக்ரிகோலா நூலின் ஏ, பி, சி செய்த வேலையும் அதுதான். படம் எங்கே நகர்ந்தாலும், அது எந்தப் படிக்குரியது என்று அதுவே சொல்லிவிடும்.