டூலா சேவைக்கான மெடிக்கெய்ட் காப்பீடு

டூலா சேவைக்கான மெடிக்கெய்ட் காப்பீடு என்பது, ஐக்கிய அமெரிக்காவில் வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிக்கெய்ட், பிள்ளைப்பேற்றின்போது தாய்க்குத் துணையிருக்கும் டூலாவின் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு ஆகும். ஒரேகன் மாநிலம் 2011 இலும் மினசோட்டா 2013 இலும் இதற்கான சட்டங்களை இயற்றின. 2025 அளவில் 20க்கும் மேற்பட்ட மாநிலங்களிலும் வாசிங்டன் டி.சி.யிலும் இது நடைமுறைக்கு வந்திருந்தது. ஆயினும் சட்டம் இயற்றப்பட்டதும் சேவை கிடைத்துவிடவில்லை. பல மாநிலங்களில் கட்டணம் குறைவாக இருந்ததால் டூலாக்கள் திட்டத்தில் சேரவில்லை. கட்டணம் உயர்த்தப்பட்ட பின்னரே நிலை மாறத் தொடங்கியது.

டூலா என்பவர்

டூலா மருத்துவரோ, செவிலியரோ, மருத்துவச்சியோ அல்லர். அவர் மகப்பேறு பார்ப்பதில்லை, மருந்து கொடுப்பதில்லை. கர்ப்ப காலத்தில் சில முறை தாயைச் சந்தித்துப் பேசுவார். வலி எடுத்தது முதல் குழந்தை பிறக்கும் வரை உடனிருந்து, மூச்சு விடும் முறையைச் சொல்லிக் கொடுப்பார். இடுப்பைப் பிடித்து விடுவார். நடக்கவும் திரும்பிப் படுக்கவும் உதவுவார். மருத்துவர் கூறுவதைத் தாய்க்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வதும், தாய் கேட்கத் தயங்கும் கேள்வியைக் கேட்கத் துணை நிற்பதும் இவரது பணியே. பிறந்த பின் தாய்ப்பாலூட்டலுக்கு உதவுவார். மருத்துவமனையில் பணிநேரம் முடிந்ததும் செவிலியர் மாறிவிடுவர். டூலா பொதுவாக மாறுவதில்லை என்பதே முக்கிய வேறுபாடு.

'டூலா' என்பது பணிப்பெண் அல்லது அடிமைப் பெண் எனப் பொருள்படும் பண்டைய கிரேக்கச் சொல்லாகும். மானிடவியலாளர் டேனா ராபேல் தாய்ப்பாலூட்டல் குறித்து 1973 இல் வெளியிட்ட நூலில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். இதன் மூலப் பொருள் காரணமாகக் கறுப்பினப் பேற்றுத்துணைவர்களுள் சிலர் இப்பெயரை விரும்புவதில்லை.

ஆய்வுகள்

மார்சல் கிளவுஸ், ஜான் கென்னல் ஆகிய குழந்தை மருத்துவர்கள் பங்கேற்ற குவாத்தமாலா ஆய்வு 1980 இல் வெளியானது. அதில் துணையிருந்தவர்கள் தாய்மார்களுக்கு முன்பின் அறிமுகமில்லாத சாதாரணப் பெண்கள். சிக்கலின்றிப் பெற்ற தாய்மாருள், துணை இருந்தவர்களுக்குப் பேற்றுநேரம் சராசரியாக 8.8 மணியாகவும், துணை இல்லாதவர்களுக்கு 19.3 மணியாகவும் இருந்தது. எண்ணிக்கையில் இது சிறிய ஆய்வே. பின்னர் ஊசுட்டன் நகரில் முதல் பேற்றுத் தாய்மார் 412 பேரிடம் நடத்தப்பட்டு 1991 இல் வெளியான ஆய்வில், டூலா உடனிருந்தோரில் 8 விழுக்காட்டினருக்கும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 18 விழுக்காட்டினருக்கும் சிசேரியன் அறுவை செய்யப்பட்டது. சும்மா ஓரமாக அமர்ந்து கவனித்துக் குறிப்பெடுக்க ஒருவர் இருந்த குழுவில் கூட இது 13 விழுக்காடாகக் குறைந்திருந்தது என்பது வியப்புக்குரியது.

17 நாடுகளின் 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய காக்ரேன் மீளாய்வு 2017 இல் வெளிவந்தது. பேற்றின்போது தொடர்ச்சியான துணை பெற்றவர்களுக்கு இயல்பான பேறு கூடுதலாகவும், சிசேரியன் குறைவாகவும், பேற்றுநேரம் சற்றுக் குறைவாகவும் இருந்ததாக அது கண்டது.

மெடிக்கெய்ட் ஏன்?

அமெரிக்காவில் நிகழும் பிறப்புகளில் பத்தில் நான்கிற்கு மெடிக்கெய்ட் பணம் செலுத்துகிறது. 1965 இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தை மாநிலங்கள் நடத்துகின்றன. செலவில் குறைந்தது பாதியைக் கூட்டரசு ஏற்கிறது. கைப்பணம் கொடுத்து டூலாவை அமர்த்திக்கொள்ளப் பெரும்பாலும் ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். ஆகவே காப்பீடு இல்லாத நிலையில் இச்சேவை வசதி படைத்தவர்களுக்கே கிடைத்து வந்தது.

ஆனால் ஆபத்து கூடுதலாக இருப்பதோ மறுபுறத்தில். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 2021 இல் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குக் கறுப்பினத் தாய்மார் இறப்பு 69.9 ஆகவும் வெள்ளையினத் தாய்மார் இறப்பு 26.6 ஆகவும் இருந்தன. கோவிட் பெருந்தொற்றுக்குப் பின் இரண்டும் குறைந்து, 2023 இல் முறையே 50.3, 14.5 என ஆயின. இறப்புகள் குறைந்த போதிலும், இரண்டுக்கும் இடையிலான விகிதம் இரண்டரை மடங்கிலிருந்து ஏறத்தாழ மூன்றரை மடங்காகக் கூடியது கவனிக்கத்தக்கது. அந்நாட்டில் நிகழும் பேறுகாலச் சாவுகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை தவிர்க்கக்கூடியவை என மாநில ஆய்வுக் குழுக்கள் கண்டுள்ளன. தாய் சொல்லும் வலியை மருத்துவமனையில் உள்ளோர் செவிமடுக்காமை ஒரு காரணமாகப் பேசப்படுவதால், அவளுக்காகப் பேசக்கூடிய ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது.

சட்ட வழி

மெடிக்கெய்ட் விதிகளில் டூலா என்ற பிரிவு கிடையாது. பெரும்பாலான மாநிலங்கள் இதனை 'தடுப்புச் சேவை' என்ற பிரிவில் சேர்க்கின்றன. முன்பு தடுப்புச் சேவையை மருத்துவரோ உரிமம் பெற்ற பிற வல்லுநரோ தாமே வழங்கினால்தான் பணம் கிடைக்கும். 2014 சனவரி முதல் இவ்விதி தளர்த்தப்பட்டு, அவர்கள் பரிந்துரைத்தால் போதும், உரிமம் இல்லாதவரும் வழங்கலாம் என்றானது. ஒரு சொல் மாற்றம்தான். எனினும் டூலாக்களுக்கு வழி திறந்தது இதனாலேயே எனலாம்.

இதிலும் ஒரு சிக்கல் எஞ்சியது. ஒவ்வொரு தாயும் தனித்தனியே பரிந்துரைச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. கலிபோர்னியா 2023 நவம்பரிலும் நியூ யார்க் 2024 சூனிலும் மாநிலம் முழுமைக்கும் ஒரே பொதுப் பரிந்துரையை வெளியிட்டு இத்தடையை நீக்கின.

கட்டணம்

மினசோட்டாவில் 2014 இல் காப்பீடு நடைமுறைக்கு வந்தபோது, ஆறு சந்திப்புகளுக்கும் பேற்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 411 டாலர் மட்டுமே வழங்கப்பட்டது. அத்துடன் டூலா நேரடியாகக் கட்டணம் கோர இயலாது. ஒரு மருத்துவர் அல்லது உரிமம் பெற்ற வேறு வல்லுநரின் மேற்பார்வையில், அவர் எண்ணின் கீழ்தான் கோர வேண்டும். மேற்பார்வைக்கு ஒருவரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாயிற்று. இத்தொகை 2019 இல் 770 டாலராக உயர்ந்தது. 2024 முதல் ஒரு சந்திப்புக்கு 100 டாலரும் பேற்றுக்கு 1,400 டாலரும் என மாற்றப்பட்டது. ஒரேகனில் தொடக்கத்தில் 75 டாலராக இருந்த தொகை 2017 இல் 350 ஆகி, 2022 இல் 1,500 டாலரை எட்டியது.

நியூ யார்க்கில் நடந்தது தெளிவான எடுத்துக்காட்டு. அங்கு 2019 மார்ச்சில் தொடங்கிய சோதனைத் திட்டத்தில் எட்டுச் சந்திப்புகளுக்குத் தலா 30 டாலர், பேற்றுக்கு 360 டாலர், ஆக மொத்தம் 600 டாலர். சந்திப்பு ஒரு மணி, பேறு 12 மணி எனக் கொண்டால் மணிக்கு 30 டாலர் வரும். தாளில் இது குறைவாகத் தெரியாது. ஆனால் எந்நேரமும் அழைப்பு வரலாம் என வாரக்கணக்கில் காத்திருத்தல், பயணம், படிவ வேலை ஆகியவை இக்கணக்கில் வாரா. ஒரே மாதத்தில் பல தாய்மார்களை ஏற்கவும் இயலாது. ஈரி மாவட்டத்தில் திட்டம் தொடங்கியது; புரூக்ளினில் போதிய டூலாக்கள் பதிவு செய்யாமையால் திட்டமிட்டபடி தொடங்கவே இல்லை. 2024 இல் மாநிலம் முழுவதும் காப்பீடு வந்தபோது தொகை நியூ யார்க் நகரில் 1,500 டாலர், பிற இடங்களில் 1,350 டாலர் என வைக்கப்பட்டது.

கலிபோர்னியாவும் முதலில் 450 டாலரையே முன்மொழிந்தது. எதிர்ப்பு எழுந்தபின் தொகையைக் கூட்டி 2023 சனவரியில் தொடங்கி, அடுத்த ஆண்டு 3,000 டாலருக்கும் மேலாக உயர்த்தியது. நியூ செர்சி 2021 இலும், வர்சீனியா, மேரிலாந்து ஆகியவை 2022 இலும் இணைந்தன. ரோட் ஐலண்டு தனியார் காப்பீட்டு நிறுவனங்களையும் சட்டத்திற்குள் கொண்டுவந்தது.

ஐயங்களும் நிதி நிலையும்

மினியாபொலிசில் டூலா துணை பெற்ற மெடிக்கெய்ட் தாய்மாருள் சிசேரியன் 22.3 விழுக்காடாகவும், நாடு முழுவதும் மெடிக்கெய்ட் தாய்மாருள் 31.5 விழுக்காடாகவும் இருந்ததாக 2013 இல் வெளியான ஆய்வு கூறியது. சிசேரியன் குறைவதால் மிச்சமாகும் பணமே டூலாவின் கட்டணத்தை ஈடு செய்யும் என்ற வாதம் இதனை அடிப்படையாகக் கொண்டது. எனினும் டூலாவை விரும்பி ஏற்கும் தாய்மார் பிறரிடமிருந்து வேறுபட்டவர்களாக இருக்கலாம் என்பதால், இவ்வேறுபாடு முழுவதையும் டூலாவின் பயனாகக் கொள்ள முடியாது. தவிர, சேமிப்பு நிகழ்வது மருத்துவமனைச் செலவில். அதற்கான செலவு வேறொரு கணக்கில் முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும். எனவே மாநில நிதித் துறைகள் தயங்கின.

கர்ப்பிணிகளுக்கான மகப்பேற்று மருத்துவத்தை மாநிலங்கள் கட்டாயம் வழங்க வேண்டும். டூலா சேவையோ மாநிலங்கள் விரும்பினால் மட்டும் வழங்கும் சேவையாகும். 2025 சூலை 4 அன்று கையொப்பமான கூட்டரசுச் சட்டம் மெடிக்கெய்டுக்கான நடுவண் நிதியைப் பெருமளவு குறைக்கிறது. நிதி இறுகும்போது மாநிலங்கள் முதலில் கைவைக்கக் கூடியவை இத்தகைய விருப்பச் சேவைகளே.