சிக்ஸ்டைன் சிற்றாலயப் பாடகர் குழு



ஜூபிலி மலர்களில் ஆலயம் எழுந்த வரலாறு இடம்பெறும். பங்குக் குருக்களின் வரிசையும் இடம்பெறும். ஆலயத்தில் பாடுவோரின் வரலாறு இடம்பெறுவது அரிது. ஆகவே, பாப்பரசரின் சொந்தப் பாடகர் குழுவாகிய சிக்ஸ்டைன் சிற்றாலயக் குழுவைப் பற்றி இங்கே சில செய்திகளைத் தர விழைகிறேன்.

பாப்பரசர் 4-ம் சிக்ஸ்துஸ் வத்திக்கானில் கட்டிய சிற்றாலயம் 1483 ஆகஸ்ட் 15-ல், அன்னை மரியாளின் விண்ணேற்புத் திருநாளன்று அர்ச்சிக்கப்பட்டது. அவர் பெயரே சிற்றாலயத்திற்கும் அங்கே பாடிய குழுவுக்கும் நிலைத்தது. பாடகர்கள் சுவரில் அமைந்த சிறு மாடத்தில் நின்று, ஒரே பெரிய கையெழுத்து நூலைச் சூழ்ந்துகொண்டு பாடுவர். வாத்தியம் ஏதும் இல்லை. மனிதக் குரல் மட்டுமே.

அவர்கள் பாடியது பல்குரலிசை. நாம் ஆலயத்தில் பாடும்போது எல்லாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடுகிறோம். பல்குரலிசையிலோ நான்கு, ஐந்து, ஆறு குரல்கள் தத்தம் மெட்டில் செல்லும். ஒரு குரல் தொடங்கியதைச் சற்றுப் பின்னால் மற்றொரு குரல் ஏற்கும். யாவும் இசைந்து ஒலிக்கும். ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. ஒருவர் முதற் சொல்லைப் பாடும்போது இன்னொருவர் மூன்றாம் சொல்லில் இருப்பார். இசை இனிக்கும்; செபமோ விளங்காது.

1555 ஏப்ரலில் பாப்பரசரான 2-ம் மார்செல்லுஸ் இக்குறையை உணர்ந்தார். அவ்வாண்டுப் பெரிய வெள்ளிக்கிழமையன்று பாடகர்களை அழைத்து, அந்நாளின் துயரத்திற்கு ஏற்பவும், வார்த்தைகள் தெளிவாகக் கேட்கும்படியும் பாட வேண்டுமென அறிவுறுத்தினார். மூன்றே வாரங்களில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அப்போது அக்குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் பலஸ்திரீனா. ரோமாபுரிக்கு அருகிலுள்ள பலஸ்திரீனா என்னும் ஊரில் பிறந்ததால் அவருக்கு அப்பெயர். பாப்பரசர் 3-ம் ஜூலியஸ், 1555 தொடக்கத்தில் இவரைத் தேர்வு ஏதுமின்றிக் குழுவில் சேர்த்திருந்தார். ஆனால் அவ்வாண்டே பாப்பரசரான 4-ம் சின்னப்பர், மணமானவர்கள் குழுவில் இருத்தலாகாது என்று கூறி, இவரையும் வேறு இருவரையும் சிறு ஓய்வூதியம் தந்து விலக்கிவிட்டார். மனைவி மக்களோடு வாழ்ந்த அவருக்கு அது பெரும் அடி. ஆயினும் அவர் திருச்சபைக்காகப் பாட்டெழுதுவதை விடவில்லை. ரோமையின் வேறு பேராலயங்களில் பணிபுரிந்து, 1571-ல் புனித இராயப்பர் பேராலயக் குழுவின் தலைமைக்குத் திரும்பி, 1594-ல் இறக்கும் வரை அங்கேயே உழைத்தார். நூற்றுக்கு மேற்பட்ட பூசைகளுக்கு இசை அமைத்தார்.

பல்குரலிசையைத் திரெந்து பொதுச்சங்கம் ஒழிக்க முனைந்தது, பலஸ்திரீனாவின் பூசையைக் கேட்டதும் மனம் மாறியது என்றொரு கதை உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1562-ல் சங்கம் கட்டளையிட்டது, தகாத இசையைக் கோயிலினின்று அகற்றவே. 1565-ல் கர்தினால் வித்தெல்லியும் புனித சார்லஸ் பொரோமேயுவும் சிக்ஸ்டைன் பாடகர்களைப் பாடச் சொல்லி, வார்த்தைகள் விளங்குகின்றனவா என்று சோதித்தது உண்மை. 1567-ல் அச்சான பலஸ்திரீனாவின் ‘மார்செல்லுஸ் பாப்பரசர் பூசை’ ஆறு குரல்களுக்கானது. நீண்ட செபங்களாகிய ‘உன்னதங்களிலே’, ‘விசுவாசப் பிரமாணம்’ ஆகியவற்றில் குரல்கள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லை உச்சரிக்கின்றன. இசையும் குன்றவில்லை, செபமும் விளங்குகிறது. மூன்று வாரப் பாப்பரசரின் விருப்பம் இவ்வாறு நிறைவேறியது.

இதே குழுவின் வரலாற்றில் வேதனை தரும் ஒரு பக்கமும் உண்டு. அதையும் மறைத்தலாகாது. பெண்கள் பாட அனுமதி இல்லாத அக்காலத்தில், உயர்ந்த குரலுக்காகச் சிறு வயதிலேயே ஆண்மை நீக்கப்பட்டவர்களை 16-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து குழுவில் சேர்த்தனர். உடலைச் சிதைப்பது பாவம் எனப் போதித்த திருச்சபையே அக்குரல்களை விரும்பிக் கேட்டது. 1902-ல் 13-ம் சிங்கராயர் காலத்தில்தான் அத்தகையோரை இனிச் சேர்ப்பதில்லை என முடிவாயிற்று. அவர்களுள் கடைசியானவர் மொரேஸ்கி 1913-ல் குழுவை விட்டு ஓய்வு பெற்றார். அவர் குரல் இசைத்தட்டில் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. கேட்கும்போது மனம் கனக்கிறது.

1903 நவம்பர் 22, இசைஞரின் பாதுகாவலியாகிய புனித செசிலியாள் திருநாளன்று, புனித 10-ம் பத்திநாதர் திருஇசை பற்றிய ஆணையை வெளியிட்டார். கிரகோரியன் இசைக்கு முதலிடமும், அதனை அடுத்துப் பலஸ்திரீனா வழிவந்த பல்குரலிசைக்குச் சிறப்பிடமும் தந்து, உயர்ந்த குரல்களுக்குச் சிறுவர்களையே பயன்படுத்தும்படி பணித்தார். 1963-ல் 2-ம் வத்திக்கான் சங்கம் பல்குரலிசையை விலக்காமல், பாடகர் குழுக்களை வளர்க்கவும் சொன்னது. அதோடு மக்கள் அனைவரும் வழிபாட்டில் பங்குகொள்ள வேண்டுமென்றும் வலியுறுத்தியது. நம் மொழியில் இன்று நாம் பூசை காண்பதும் அச்சங்கத்தின் கொடையே.

இந்த நீண்ட வரலாறு நமக்குப் புகட்டும் பாடங்கள் இரண்டு. இராகம் வார்த்தைக்குப் பணிவிடை செய்ய வேண்டும். அதுபோலவே, குரலைவிடக் குரலுக்கு உரியவர் பெரியவர். நம் பாடகர் குழுவினர் எத்துணை இனிமையாகப் பாடினும், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கும் வார்த்தை கேட்க வேண்டும். அவரும் சேர்ந்து பாட இடம் இருக்க வேண்டும். சுருதி சேராத சிறுவனை மனம் நோகும்படி விலக்கவும் வேண்டாம். இந்த ஜூபிலி ஆண்டில் பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் இறையாசீர் நிறைவாகக் கிடைப்பதாக!

– பங்குக் குரு