திரையில் பேசப்பட்ட நவஹோ

எண்பதுகளின் கடைசி. டெக் வாடகைக்கு எடுத்து வீட்டிலேயே படம் போடுகிற காலம். ஒருநாள் 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' ஓடிக்கொண்டிருந்தது. 1935இல் வட இந்தியாவில் நடக்கிற கதை. பட்டினிக் கிராமத்துச் சனம் வாய் திறந்ததும் வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தியாண்டு சொல்லிப்போட்டு சிங்களமல்லவா பேசறாங்க!" வீடே சிரித்தது. இந்திய அரசாங்கம் கதையைப் பார்த்து ஆட்சேபிக்க, படக்குழு கண்டிப் பக்கம் வந்து எடுத்த படம் அது; 1984இல் வெளியானது. ஊர்ப் பெரியவராக வருகிறவர் எங்கட டி. ஆர். நாணயக்கார. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஸ்பீல்பேர்க் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுக்க, அப்படியே திருப்பிச் சொன்னார்.

இதே சிரிப்பை அமெரிக்காவில் நவஹோ மக்கள் எங்களுக்கு முன்பே சிரித்திருக்கிறார்கள் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிய வந்தது.

யூட்டா, அரிசோனா எல்லையிலுள்ள மொனுமென்ட் வெலி நவஹோக்களின் நிலம். அங்கேதான் ஜோன் ஃபோர்ட் 1939இல் 'ஸ்டேஜ்கோச்' தொடக்கம் படம் படமாக எடுத்தார். முப்பதுகளில் மேய்ச்சல் நிலம் கெடுகிறது என்று சொல்லி அரசாங்கம் அவர்களுடைய ஆடுகளைப் பெருமளவில் குறைத்திருந்தது. ஆட்டை நம்பி வாழ்ந்த சனம். கூலிக்குக் குதிரையேறி நடிக்க வந்ததில் என்ன குறை காண்பது?

'ஸ்டேஜ்கோச்'சில் அவர்கள் அப்பாச்சிகள். 1956இன் 'த சேர்ச்சர்ஸ்' படத்தில் கொமஞ்சிகள். அங்கே கொமஞ்சித் தலைவனாக நடித்த ஹென்றி பிரண்டன் பேர்லினில் பிறந்தவர்! 1964இல் ஃபோர்ட், முன்னைய படங்களின் அநீதிக்குப் பரிகாரம் போல 'செயன் ஓட்டம்' எடுத்தார். ஒக்லஹோமாப் பக்கம் அடைக்கப்பட்ட செயன் மக்கள் 1878இல் வடக்கேயுள்ள சொந்த மண்ணுக்குத் திரும்பி நடந்த துயரக் கதை. அதிலும் தலைவர்களாக நடித்த கில்பேர்ட் ரோலண்ட், ரிக்கார்டோ மொண்டல்பான் இருவரும் மெக்சிக்கோவில் பிறந்தவர்கள். பின்னால் நின்ற சனம் பேசியது நவஹோ. செயனுக்கும் நவஹோவுக்கும் உறவில்லை. தமிழும் சிங்களமும் போல வேறு வேறு மொழிக் குடும்பம்.

விளங்காத மொழிதானே என்று இயக்குநர்கள் விட்டார்கள். அவர்களும் விடவில்லை. உருக்கமான காட்சிகளில் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கொச்சைப் பகிடி பேசினார்கள். மற்றவர்கள் கண்கலங்கும் இடத்தில் நவஹோ ஊர்களில் சிரிப்பு வெடித்தது. கிரீ இனத்தவரான நீல் டயமண்டின் 'ரீல் இன்ஜன்' ஆவணப்படத்தில் (2009) அக்காலப் படக் காட்சியொன்றுக்கு மொழிபெயர்ப்புப் போட்டுக் காட்டுகிறார்கள். இங்கே எழுத முடியாத வசனம்.

ஆனால் எனக்குச் சிரிப்பு முழுசாக வரவில்லை. விடுதிப் பள்ளிகளில் இந்த மொழியைப் பேசியதற்காகத்தான் பிள்ளைகளைத் தண்டித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியருக்குப் பிடிபடாத சங்கேதச் செய்தி அனுப்பவும் இந்த மொழியே கைகொடுத்தது. 1968 வரை அது இரகசியம். இராணுவத்துக்கு மொழியாகத் தெரிந்தது ஹொலிவூட்டுக்கு வெறும் சத்தம்.

'லோரன்ஸ் ஒஃப் அரேபியா'வில் (1962) ஃபைசலாக அலெக் கினஸும் அவ்தா அபூ தாயியாக அந்தனி குவினும் வந்ததற்கு நாங்கள் முகம் சுளிப்போம். சரிதான். ஆனால் கவ்போய் படத்தில் செவ்விந்தியன் குதிரையிலிருந்து விழும்போது கைதட்டியதும் நாங்கள்தானே. நானும் தட்டியிருக்கிறேன்.

2013 ஜூலையில் நவஹோ தேசத்தின் தலைநகர் விண்டோ ரொக்கில் 'ஸ்டார் வோர்ஸ்' நவஹோ மொழியில் திரையிடப்பட்டது. குரல் கொடுத்தவர்கள் நவஹோக்கள். பிறகு 'ஃபைண்டிங் நீமோ'. 2021இல் ஒரு கவ்போய் படம், 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஒஃப் டொலர்ஸ்'. அதில் கிளின்ட் ஈஸ்ட்வூட்டும் நவஹோதான் பேசுகிறார்.