நாயைத் துரத்திய ஊரும் எங்க வீட்டு மணியும்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம். பதிவுப் பக்கம் தலை வைக்க முடியலை. போதாக்குறைக்கு வீட்டுல ஒரு பஞ்சாயத்து. அக்கா ஒரு மாசம் தங்கறதுக்கு வந்திருக்கா. அவ பொண்ணு இப்பதான் தவழ ஆரம்பிச்சிருக்கு. கையில கிடைச்சதெல்லாம் நேரா வாய்க்குத்தான் போகுது. எங்க மணி (நாலு கால், ஒரு வால்) அவளை விட்டு நகர மாட்டேங்கறான். அம்மா தீர்ப்பே சொல்லிட்டாங்க: "டேய், நாய்கிட்ட இருந்து குழந்தைக்குப் பூச்சி வந்துடும். கொண்டுபோய் ஊர்ல மாமா தோட்டத்துல விட்டுடு."

"அதெல்லாம் சும்மாம்மா"ன்னு சொல்லிட்டு, ஆதாரத்தோட மடக்கலாம்னு ராத்திரி படிக்க உட்கார்ந்தேன். கடைசில மடங்கினது நான்தான். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. நடந்த இடம் ஐஸ்லாந்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐஸ்லாந்து, செம்மறி ஆட்டை நம்பிப் பிழைத்த நாடு. ஆடு இருந்தால் மேய்க்க நாய் வேண்டும். பனிக்காலத்தில் நாயும் மனுஷங்களும் ஒரே கூரையின் கீழ்தான். அங்கே நிறைய பேருக்கு ஈரலில் பெரிய பெரிய நீர்க்கட்டிகள் வந்தன. வருஷக்கணக்கில் மெதுவாக வளரும். உள்ளே உடைந்தால் உயிருக்கே உலை. அப்போது ஐஸ்லாந்து டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. 1840களின் கடைசியில் அங்கே போன ஷ்லைஸ்னர் என்ற டேனிஷ் மருத்துவர், இந்த நோய் அங்கே மிகப் பரவலாக இருப்பதாக எழுதினார்.

அதே காலகட்டத்தில் ஜெர்மனியில் சீபோல்ட் என்ற விலங்கியலாளர் ஒரு சோதனை செய்தார். ஆட்டின் ஈரலில் இருந்த கட்டிகளை நாய்களுக்குத் தின்னக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அந்த நாய்களின் குடலில் குட்டிக் குட்டி நாடாப்புழுக்கள்! ஆட்டுக் கட்டியும் நாய்ப் புழுவும் ஒரே ஜந்துவின் ரெண்டு பருவங்கள் என்று தெரிந்தது.

நம்ம பாஷையில சொன்னா இது ஒரு லூப். நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளப் புழு. நாய்க்குப் பெரிசா தொந்தரவு இல்லை. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியே வந்து புல்லிலும் தண்ணீரிலும் நாயின் முடியிலும் ஒட்டிக்கொள்ளும். அதை ஆடு தின்றால் ஆட்டுக்கு ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி. ஆட்டை அறுத்துக் கட்டியை நாய்க்குப் போட்டால் மறுபடி நாய்க்குப் புழு. மனுஷன் நடுவில் தெரியாத்தனமாக மாட்டிக்கொள்கிறவன். நாயைக் கொஞ்சிய கையோடு சாப்பிட்டு முட்டையை விழுங்கினால், ஆட்டுக்கு நடப்பதே அவனுக்கும் நடக்கும். கவனிங்க, நம்ம குடலுக்குள்ள புழு வளர்றதில்லை. ஈரலில் கட்டிதான் வளரும்.

1863-இல் ஹரால்ட் கிராப்பே என்ற டேனிஷ் கால்நடை அறிஞர் ஐஸ்லாந்துக்குப் போனார். 100 நாய்களை அறுத்துப் பார்த்தார். 28 நாய்களில் இந்தப் புழு இருந்தது. கோபன்ஹேகனில் அவர் பார்த்த 500 நாய்களில் வெறும் 2 நாய்களில்தான் இருந்தது. அங்கேயும் நாய், இங்கேயும் நாய். வித்தியாசம் நாயில் இல்லை, அதன் தட்டில். ஐஸ்லாந்தில் இலையுதிர்காலத்தில் வீட்டு முற்றத்திலேயே ஆடு அறுப்பார்கள். கழிவெல்லாம் நாய்க்குப் போகும்.

கிராப்பே அடுத்து செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆராய்ச்சிக் கட்டுரையோடு நிற்காமல், சாதாரண ஜனங்களுக்காக ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். 1864-இல் அது நாடு முழுக்க வீடு வீடாக இலவசமாகக் கொடுக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரிந்த ஜனங்கள் என்பதால் வேலை செய்தது. 1869-இல் நாய்களைப் பற்றி ஒரு சட்டம் வந்தது. 1890 சட்டம் இன்னும் கறார்: வருஷா வருஷம் நாய்களுக்குப் பூச்சி மருந்து தர வேண்டும், ஆட்டுக் கட்டிகளை நாய் வாய்க்கு எட்டாமல் அழிக்க வேண்டும். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடு அறுப்பது வீட்டு முற்றத்தை விட்டு இறைச்சிக்கூடங்களுக்குப் போனது.

பலன்? பின்னாளில் நீல்ஸ் துங்கால் என்ற ஐஸ்லாந்து மருத்துவர் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் தொகுத்துப் பார்த்தார். 1861-70-இல் பிறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கட்டி இருந்தது. 1900-க்குப் பிறகு பிறந்தவர்களிடம் அநேகமாக இல்லவே இல்லை.

இதுக்கு நடுவுல ஒரு கூத்து. தலைநகர் ரேக்யவிக்கில் 1924-இல் நாய் வளர்க்கவே தடை போட்டுவிட்டார்கள். நோய் இறங்குமுகத்தில் இருந்தபோது வந்த தடை! அறுபது வருஷம் நீடித்தது. நிதியமைச்சராக இருந்த ஆல்பர்ட் குட்முண்ட்சன் (ஆர்செனல், மிலான் அணிகளுக்கு ஆடிய அதே கால்பந்து வீரர்) லூசி என்ற நாயை வீட்டில் வைத்திருந்ததற்காக அபராதத்துக்கு ஆளானார். நாயை விடுவதை விட நாட்டையே விட்டுப் போவேன் என்றாராம். 1984-இல் தடை தளர்ந்து, அனுமதி வாங்கி வளர்க்கலாம் என்றானது.

ஆனா யோசிச்சுப் பாருங்க. கிராமத்துப் பண்ணைகளில் நாய்களுக்கு ஒருநாளும் தடை இல்லை. ஆட்டோடு சேர்ந்தே ஓடிக்கொண்டிருந்தன. அங்கேயும் நோய் ஒழிந்தது. அதை ஒழித்தது நாயை விரட்டியது இல்லை. பச்சைக் கழிவை நாய்க்குப் போடாததும் வருஷத்துக்கு ஒருமுறை மருந்து கொடுத்ததும்தான்.

நியூசிலாந்திலும் இதே யுத்தம் நடந்தது. அங்கே நாய்களுக்குப் பல வருஷம் கொடுத்த மருந்து அரெகோலின். நம்ம தாத்தா பாட்டி வெத்தலையோட மென்ன அதே பாக்குல இருக்கிற சரக்குதான்! மருந்து கொடுத்ததும் வயிறு கலக்கிப் போகும். அதை எடுத்துப் புழு இருக்கான்னு பார்ப்பாங்க. 2002-இல் அந்த நாடும் இந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்தது.

இந்த இடத்துலதான் எனக்குப் பகீர்னுச்சு. ஞாயித்துக்கிழமை கறிக்கடையில, "அண்ணே, நாய்க்குக் கொஞ்சம் வேஸ்ட் போடுங்க"ன்னு நுரையீரலும் சவ்வும் வாங்கிட்டு வந்து மணிக்குப் பச்சையா போடறது யாரு? சாட்சாத் நான்தான். இந்த நோய் நம்ம நாட்டுல இன்னும் இருக்கு. அம்மாவை மடக்கப் போனவன், ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய ஐஸ்லாந்துக்காரன் செஞ்ச தப்பை நகரத்து அபார்ட்மெண்ட்ல செஞ்சிட்டிருந்தேன்.

மறுநாளே மணியோட கால்நடை மருத்துவர்கிட்ட போனேன். நாடாப்புழுவுக்கும் சேர்த்து மருந்து கொடுத்தார். எல்லாப் பூச்சி மருந்தும் நாடாப்புழுவைக் கொல்லாதாம், கேட்டு வாங்கணும். நாய்களுக்கு உருண்டைப்புழுவும் வரும், அதோட முட்டை மண்ணுல சில வாரம் கிடந்து வீரியமாகும், அதனால மலத்தை உடனே அள்ளிடுங்கன்னார். இப்ப மணிக்குக் கறி போட்டா நல்லா வேக வச்சுத்தான். நாயைத் தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவணும்னு வீட்டுல சட்டம், மாப்பிள்ளைக்கும் சேர்த்து :-)

அம்மாகிட்ட, "நீ சொன்னது நிஜம்தாம்மா. ஆனா தப்பு மணி மேல இல்ல, என் மேல"ன்னு ஒத்துக்கிட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சரி, கறியைத் தனிப் பாத்திரத்துல வேக வை"ன்னாங்க. மாமா தோட்டம் தப்பிச்சது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பொட்டி தட்டுறவன். சந்தேகம் இருந்தா மருத்துவரைக் கேளுங்க. நாய் வளர்க்கிற பதிவர்களே, கடைசியா பூச்சி மருந்து கொடுத்தது எப்போன்னு மட்டும் ஒருதரம் காலண்டரைப் பாருங்க.