தோட்டாவின் அடியில் பொறித்த எழுத்து

கல்வெட்டுப் படிப்போர் நம்மிடையே பலர் உளர். கட்டைவிரல் நகத்தளவே உள்ள பித்தளை வட்டத்தில் பொறித்த எழுத்தைப் படிப்போர் மிகச் சிலரே. பழைய படைத்துறை ரைபிள் தோட்டாக்கள் பலவற்றின் அடிப்புறத்தில் விளிம்பையொட்டிச் சில எழுத்துகளும் எண்களும் உண்டு. அவை அந்தத் தோட்டா பிறந்த ஊரையும் ஆண்டையும் இனத்தையும் சொல்லும்.

முதற்கண் ஒரு சொல் விளக்கம். செய்தித்தாள்களில் தோட்டா என்றும் குண்டு என்றும் ஒன்றற்கு மற்றொன்றை மாற்றி எழுதுகின்றனர். மொழிபெயர்ப்போர்க்கு இதனால் விளையும் தொல்லை சிறிதன்று. பறந்து செல்வது குண்டு. அக்குண்டும், மருந்தும், பித்தளைக் கூடும், அடியில் ‘கேப்பு’ என வழங்கும் சிறு மூடியும் சேர்ந்ததே தோட்டா.

இச்செய்தி மலைநாட்டுத் தமிழர்க்கு ஏன் என்று வினவலாம். மூணாறு, தேவிகுளம், பீருமேடு மலைகளிலும், வாளையாறு கடந்த பாலக்காட்டு எல்லையிலும் வாழும் நம்மவர் பலர் தேயிலைத் தோட்டங்களோடு தலைமுறை தலைமுறையாகத் தொடர்புடையவர். அத்தோட்டங்களின் ஆங்கிலத் துரைமார் பலர் தென் மாகாணக் குதிரைப்படை ரைபிள் அணி என்னும் துணைப்படையில் சேர்ந்து பயிற்சி பெற்றவர்கள். வேட்டையாடுவதும் அவர்கள் வழக்கம். துரைமார் கப்பலேறிவிட்டனர், பழைய பங்களாவின் பரணிலோ பண்டக அறையிலோ கறுத்த பித்தளைத் தோட்டா ஒன்று கிடைப்பின், அதைக் கையில் எடுப்பவன் துப்புரவு செய்யும் தொழிலாளியே ஆவான்.

அக்காலப் படைத் தோட்டாவின் பெயர் ‘த்ரீ நாட் த்ரீ’. குழலின் விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு, அதாவது 7.7 மில்லிமீட்டர். 1888இல் லீ மெட்ஃபோர்ட் ரைபிளோடு இது வந்தது. அப்போது அதனுள் இருந்தது பழைய கருமருந்தே. 1891 முதல் கார்டைட் என்னும் புகையில்லா மருந்து இடம்பெற்றது. 1895இல் லீ என்ஃபீல்டு ரைபிள் வந்தது.

அடிப்புறத்தில் ‘கே’, ‘எஃப்’ எனும் ஆங்கில எழுத்துகள் இருப்பின், அது புனேயை அடுத்த கிர்க்கியில், இன்றைய கட்கியில், 1869இல் நிறுவப்பட்ட தோட்டாத் தொழிற்சாலையில் ஆக்கப்பட்டது. இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் காட்டும். ‘43’ எனில் 1943. ரோமானிய எண் வகையைச் சொல்லும். ஆறாம் வகைக் குண்டு மழுங்கிய முனையும் 215 கிரெயின் எடையும் உடையது. 1910இல் வந்த ஏழாம் வகை, கூர்முனையும் 174 கிரெயின் எடையும் உடையது. எண்ணுக்குப்பின் ‘இசட்’ இருப்பின் உள்ளே கார்டைட் அன்று, நைட்ரோசெல்லுலோஸ் மருந்து. ‘டபிள்யூ’ கவசந் துளைப்பது. ‘ஜி’ ஒளிக்கோடு இட்டுச் செல்வது. ‘பி’ தீ மூட்டுவது. இம்மூன்றும் பயிற்சிக் களத்திற்குரியன அல்ல.

கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில், தலைப்பட்டதும் விரிந்து புண்ணைப் பெரிதாக்கும் குண்டைக் கேப்டன் பெர்ட்டி கிளே என்பவர் ஆக்கினார். இத்தகைய குண்டுகளை 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் விலக்கின. ஊரின் பெயர் மட்டும் உலக மொழிகளில் நின்றுவிட்டது; பெருமைப்படத்தக்க புகழ் அன்று.

கார்டைட்டின் கதையோ நம் நீலகிரியிற் சேர்கிறது. 1889இல் ஏபல், டீவர் எனும் இருவர் இங்கிலாந்தில் இதனைக் கண்டனர். நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு வாசலின். இவற்றை அசிட்டோன் விட்டுப் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல் அச்சுத் துளை வழியே பிழிந்து இழைகளாக உலர்த்தினர். வெப்பம் மிகுந்து குழலை அரித்ததால், பின்னர் நைட்ரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்து வெடிபஞ்சை 65 ஆக்கினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை எழுந்தது. காட்டேரி அருவியின் ஆற்றலால் அதற்கு மின்சாரம் கிடைத்தது. உதகை மலை ரயிலில் செல்வோர் அருவங்காடு நிலையத்தை இன்றும் காணலாம். தொழிற்சாலை 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது.

இனி, பழந்தோட்டாவின் முதுமை. மருந்து வெப்பத்தில் கெடும். கேப்பு வலுவிழக்கும். பித்தளையும் பிளக்கும், இதை உலகம் அறிந்ததே இந்திய மழைக்காலத்தில்தான். குதிரை லாயங்களில் அடுக்கிய தோட்டாக் கூடுகள் பருவமழையில் தாமே வெடிப்பு விட்டன. ஆங்கிலேயர் இதைப் ‘பருவ வெடிப்பு’ என்றனர். லாயத்து நாற்றமான அம்மோனியாவும், அடித்து வடித்தபோது உலோகத்தில் தங்கிய இறுக்கமும் சேர்ந்தே இதைச் செய்தன என 1921இல் விளக்கினர். கழுத்தில் மயிரிழைக் கீறலோ, பச்சைக் களிம்போ, உட்புகுந்த குண்டோ உள்ள தோட்டாவை எந்தத் தேர்ச்சி பெற்றவரும் சுடார்.

உரிய அனுமதியுடைய களத்தில், தோட்டாவின் இனமும் ரைபிளின் இனமும் ஒன்றே என்று உறுதி செய்தபின்னரே சுடுவர். 1962 போருக்குப்பின் இஷாப்பூரில் ஆக்கிய 7.62 மில்லிமீட்டர் ரைபிள் வடிவில் பழைய என்ஃபீல்டின் உடன்பிறப்புப் போன்றது, தோட்டா வேறு. பொதுமக்களுக்கென வந்த 315 விட்ட வேட்டை ரைபிளின் தோட்டாவும் வேறு. விசை அழுத்தியும் வெடிக்காவிடில், குழலை இலக்கின் பக்கமே நிறுத்தி ஒரு நிமிடமேனும் பொறுத்திருத்தல் வேண்டும்; கெட்ட கேப்பு சற்றே தாமதித்தும் வெடிக்கும். பழைய கேப்பில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. அது எரிந்தபின் குழலில் உப்பு படியும். உப்புக் காற்றில் இரும்பு படும் பாட்டைக் கடற்கரையோர் அறிவர். ஆதலின் சிப்பாய்கள் கொதிநீரைக் குழலில் ஊற்றி, துடைத்து, பின்னரே எண்ணெயிட்டனர். எண்ணெய் மட்டும் உப்பைக் கரைக்காது.

உத்தரப் பிரதேசக் காவல்துறை இந்த ரைபிளுக்கு 2020 ஜனவரி 26இல் விடை கொடுத்தது. உரிமமின்றி ஒரே ஒரு தோட்டாவை வைத்திருப்பதும் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி குற்றம். படைத்துறை விட்டமோ தனி விலக்கிற்குரியது. எனவே பரணில் கண்டது பித்தளை விலைக்கு ஆகுமென்று பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுசெல்லலாகாது. தட்டுதல், அறுத்தல், நெருப்பில் இடுதல் வேண்டா. இருந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை அகற்றி, காவல் நிலையத்திற்குச் சொல்லுதலே முறை.

சுட்டுத் தீர்ந்த வெறுங்கூட்டின் வாய் திறந்திருக்கும். கேப்பின் நடுவே ஊசி குத்திய சிறு பள்ளமும் இருக்கும். குண்டு பொருந்தியபடியே பள்ளமும் காணப்படின், அது ஒருமுறை வெடிக்கத் தவறியது. அத்தகையதைத் தொடவும் வேண்டா.